நூறு மில்லிகிராம் வரம்பும் பத்து கிராம் தயாரிப்பும்: ஒரு பல்கலைக்கழக ஆய்வக வெடிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், லபக் நகரில் அமைந்துள்ள டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் வேதியியல் மற்றும் உயிர்வேதியியல் துறை ஆய்வகம் ஒன்றில், 2010 ஜனவரி 7 அன்று ஆய்வு மாணவர் ஒருவர் கையாண்டுகொண்டிருந்த வேதிப்பொருள் வெடித்தது. அவர் மூன்று விரல்களை இழந்தார். கைகளிலும் முகத்திலும் தீக்காயங்கள் ஏற்பட்டன. ஒரு கண்ணும் காயமடைந்தது. அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் இந்நிகழ்வை விசாரித்து, 2011 அக்டோபரில் தன் அறிக்கையை வெளியிட்டது. இந்த ஆய்வு அந்த விசாரணையில் வெளிவந்த செய்திகளை அடிப்படையாகக் கொண்டது. தொடர்புடைய மாணவர்களும் பேராசிரியர்களும் இங்கே பெயர் குறிப்பிடப்படவில்லை.

பல்கலைக்கழக ஆய்வக விபத்துகளில் உயிரிழப்பு நேர்ந்தவையே பரவலாகப் பேசப்படுகின்றன. இதில் எவரும் இறக்கவில்லை. ஆயினும் பாதுகாப்பு மேலாண்மையைப் படிப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள நிகழ்வுகள் மிகக் குறைவு என்றே கருதுகிறேன். தனி ஒருவர் கண்ணாடி அணியாததால் நேர்ந்த விபத்து என்று ஒரே வரியில் முடித்துவிடக்கூடிய ஒரு நிகழ்வை, விசாரணையாளர்கள் அப்படி முடிக்காமல், ஆய்வக மேசையிலிருந்து துறைக்கும், துறையிலிருந்து பல்கலைக்கழக நிர்வாகத்துக்கும், அங்கிருந்து நிதி வழங்கிய அரசுத் துறைக்கும், இறுதியில் நாட்டின் சட்ட விதிகளுக்கும் படிப்படியாகப் பின்தொடர்ந்து சென்றார்கள்.

பின்னணி

அந்த ஆய்வுக் குழு ஈடுபட்டிருந்த திட்டம் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் நிதியில் நடந்தது. வெடிபொருள்களைக் கண்டறியும் முறைகளை வளர்ப்பதே அதன் பரந்த நோக்கம். நிதி நேரடியாக டெக்சஸ் டெக்குக்கு வரவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் தலைமை வகித்த ஒரு கூட்டாய்வு மையத்துக்கு நிதி வழங்கப்பட்டது. டெக்சஸ் டெக் அதன் துணை ஒப்பந்த நிறுவனமாகப் பணியாற்றியது. எனவே பணம் கொடுத்த துறைக்கும் வெடிபொருளைக் கையாண்ட மாணவருக்கும் இடையே இரண்டு பல்கலைக்கழகங்களும் பல அலுவலகங்களும் இருந்தன.

அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாக, உயர் ஆற்றல் சேர்மங்கள் எனப்படும் வெடிக்கும் தன்மையுள்ள புதிய சேர்மங்களைத் தயாரித்து, அவற்றின் இயல்புகளை அளவிடும் பணி இரண்டு ஆய்வு மாணவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவர்களில் ஒருவர் பல ஆண்டு அனுபவமுள்ள மூத்தவர், மற்றவர் அப்போதுதான் ஆய்வில் சேர்ந்திருந்தவர். மூத்தவர் செய்வதைப் பார்த்து இளையவர் கற்றுக்கொள்வதே ஏறக்குறைய எல்லா ஆய்வகங்களிலும் நடைமுறை. அந்த நடைமுறையில் செய்முறைத் திறன் கைமாறுவதைப் போலவே மூத்தவரின் அனுமானங்களும் கைமாறுகின்றன. அவை சரியா தவறா என்று கேட்பதற்கு இளையவருக்கு அறிவும் இல்லை, இடமும் இல்லை.

கையாளப்பட்ட பொருள்

அன்று வெடித்தது நிக்கல் ஹைட்ரசின் பெர்குளோரேட் வகையைச் சேர்ந்த ஒரு சேர்மம். இதன் ஆபத்தை உணர வேதியியல் பட்டம் தேவையில்லை. எரிவதற்கு ஓர் எரிபொருளும் அதற்கு ஆக்சிஜன் கொடுக்க ஓர் ஆக்சிஜனேற்றியும் வேண்டும். இந்தச் சேர்மத்தில் ஹைட்ரசின் எரிபொருளாகவும் பெர்குளோரேட் ஆக்சிஜனேற்றியாகவும் ஒரே படிகத்துக்குள் அருகருகே அமர்ந்திருக்கின்றன. வெளிக்காற்று தேவையில்லை. உராய்வு, மோதல், நிலைமின் பொறி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே வெடிப்பைத் தூண்டப் போதுமானது.

இத்தகைய பொருள்களைக் கையாளும்போது அளவுதான் முதன்மையான பாதுகாப்பு. வெடிப்பே நிகழாமல் தடுப்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பதால், வெடித்தாலும் தாங்கக்கூடிய அளவை மட்டுமே ஒரு வேளையில் கையில் வைத்திருப்பது இத்துறையில் நெடுநாளைய வழக்கம். நூறு மில்லிகிராம் வெடித்தால் கையுறை கிழியலாம், காது அடைக்கலாம், காயமும் படலாம். ஐந்து கிராம் வெடித்தால் அதைப்போல ஐம்பது மடங்கு ஆற்றல் அதே கைகளுக்கு நடுவே வெளிப்படும்.

அளவு பெருகிய விதம்

இந்தச் சேர்மத்தை ஒரு வேளைக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல் தயாரிக்கக்கூடாது என்று முதன்மை ஆய்வாளர்களான பேராசிரியர்கள் ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது குழுவில் எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் அது எழுத்தில் இல்லை. வாய்மொழியாகச் சொல்லப்பட்ட அந்த வரம்பை, மீறவே கூடாத விதியாக அந்த இரு மாணவர்களும் அறிந்திருக்கவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. பேராசிரியர்கள் சொன்னதும் மாணவர்கள் கேட்டதும் வேறுபட்டதற்கு எவருடைய நேர்மையின்மையையும் காரணமாகக் காட்ட முடியாது. எழுதப்படாத விதிக்கு ஒவ்வொருவர் நினைவிலும் ஒரு வடிவம் இருப்பது இயல்பு.

தொடக்கத்தில் மாணவர்கள் சிறு அளவுகளிலேயே தயாரித்தார்கள். அவற்றில் சில தொகுதிகள் முந்நூறு மில்லிகிராம் வரை சென்றிருந்தன. அதாவது நூறு மில்லிகிராம் வரம்பு பெருந்தயாரிப்புக்கு முன்பே மீறப்பட்டிருந்தது, அது எவர் கவனத்துக்கும் வரவில்லை. அந்தச் சிறு மாதிரிகளை நீரிலோ ஹெக்சேனிலோ நனைத்துத் தட்டிப் பார்த்தபோது அவை பற்றவும் இல்லை, வெடிக்கவும் இல்லை. எனவே பொருள் ஈரமாக இருக்கும்வரை ஆபத்தில்லை என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

இந்த முடிவு முட்டாள்தனமானதல்ல. ஓர் அவதானிப்பிலிருந்து ஒரு பொது விதியை வருவிப்பதைத்தான் நாம் ஆய்வு மாணவர்களுக்குக் கற்றுத் தருகிறோம். பிழை இருந்த இடம் வேறு: சில மில்லிகிராம்களில் கண்டது கிராம்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டதில் அது இருந்தது. சிறு மாதிரியில் திரவம் ஒவ்வொரு துகளையும் சென்றடையக்கூடும்; பெரிய கட்டியின் உள்ளே அது சென்றடைந்ததா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஹெக்சேன் விரைவில் ஆவியாகிவிடும் திரவமும்கூட. இந்தக் கேள்விகளை எழுப்பக்கூடிய அனுபவமுள்ள எவரிடமும் அந்த அனுமானம் சென்று சேரவேயில்லை.

பின்னர் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. வெவ்வேறு நாள்களில் தயாரித்த சிறு தொகுதிகள் ஒன்றுபோலவே இருக்குமா என்ற ஐயம் மாணவர்களுக்கு வந்தது. எல்லாச் சோதனைகளையும் ஒரே தொகுதியில் செய்தால் முடிவுகளை நம்பலாம் என்பது அறிவியல் நோக்கில் நியாயமான எண்ணமே. அதனால் எல்லாச் சோதனைகளுக்கும் போதுமான அளவை, ஏறத்தாழ பத்து கிராமை, ஒரே வேளையில் தயாரிக்க முடிவு செய்தார்கள். வரம்பைப் போல நூறு மடங்கு. இந்த முடிவை எடுக்க அவர்கள் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை; கேட்க வேண்டும் என்று சொல்லும் நடைமுறை ஏதும் அங்கே இல்லை. நல்ல தரவு வேண்டும் என்ற அக்கறைதான் அவர்களை அந்த அளவுக்கு இட்டுச் சென்றது என்பதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். விதியை மீறும் மாணவர் என்றால் சோம்பேறி, அலட்சியக்காரர் என்ற படம் நம் மனத்தில் இருக்கிறது. இங்கே அந்தப் படம் பொருந்தவில்லை.

ஜனவரி 7

தயாரித்த பொருளில் கட்டிகள் இருப்பதை மூத்த மாணவர் கண்டார். சோதனைகளுக்குத் துகள்கள் சீரான அளவில் இருக்க வேண்டும் என்பதால், மொத்தப் பொருளில் ஏறத்தாழ பாதியை, அதாவது சுமார் ஐந்து கிராமை, ஒரு சிறு கல்வத்தில் இட்டு, ஹெக்சேன் ஊற்றி, குழவியால் மெதுவாகக் கட்டிகளை உடைத்தார். அப்போது அவர் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். கட்டிகளை உடைத்து முடித்ததும் வேலை நிறைவுற்றதாகக் கருதிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேசையை விட்டு அகன்றார். பிறகு, இன்னொரு முறை கிளறிவிடலாம் என்று தோன்றித் திரும்பி வந்தார். கண்ணாடியை மீண்டும் அணியவில்லை. குழவி பட்டதும் பொருள் வெடித்தது.

கண்ணாடி அணிந்திருந்தால் கண் தப்பியிருக்கலாம். விரல்கள் தப்பியிருக்க மாட்டா. விசாரணை கண்ணாடியோடு நிற்காமல் அதற்கு முந்தைய முடிவுகளைத் தேடிச் சென்றதற்கு இதுவே போதிய காரணம். தனிநபர் பாதுகாப்புக் கருவி என்பது மற்ற எல்லாத் தடைகளும் தோற்றபின் எஞ்சும் கடைசித் தடை; அந்த மேசையில் அதற்கு முன் வேறு எந்தத் தடையும் இருக்கவில்லை.

விசாரிப்பது என்ற முடிவு

வேதிப் பாதுகாப்பு வாரியம் தன்னாட்சியுள்ள கூட்டரசு அமைப்பு. அபராதம் விதிக்கும் அதிகாரமோ, வழக்குத் தொடரும் அதிகாரமோ அதற்கு இல்லை. காரணங்களைக் கண்டறிந்து பரிந்துரை செய்வது மட்டுமே அதன் பணி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், வேதித் தொழிற்சாலைகள் ஆகியவற்றின் பெருவிபத்துகளை ஆராய்வதே அதன் வழக்கம். ஒருவர் மட்டுமே காயமடைந்த பல்கலைக்கழக நிகழ்வை அது எடுத்துக்கொண்டது வழக்கத்துக்கு மாறானது.

அதற்குக் காரணம் இருந்தது. 2001 முதல் பல்கலைக்கழக ஆய்வகங்களில் நேர்ந்த வெடிப்பு, தீ, வேதிக் கசிவு நிகழ்வுகள் 120 பற்றிய தகவல்களை வாரியம் திரட்டி வைத்திருந்தது. லபக் வெடிப்புக்கு ஓராண்டு முன்புதான், 2008 டிசம்பர் 29 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் டெர்ஷியரி பியூட்டைல் லித்தியத்தை ஊசிக்குழலால் எடுத்துக்கொண்டிருந்த 23 வயது ஆய்வு உதவியாளர் தீக்காயமடைந்து, அடுத்த மாதம் உயிரிழந்தார். அவர் ஆய்வக மேலங்கி அணிந்திருக்கவில்லை. விபத்துக்கு முன், 2008 அக்டோபரில், அந்த ஆய்வகத்தைச் சோதித்த பாதுகாப்புப் பிரிவு, பணியாளர்கள் மேலங்கி அணியாததையும் குறையாகக் குறித்திருந்தது, குறைகள் சரிசெய்யப்படவில்லை. அந்த மரணம் நாடெங்கும் பேசப்பட்ட பின்னும் ஓராண்டில் லபக் நிகழ்வு நேர்ந்தது என்றால், ஒரு வளாகத்தின் பாடம் இன்னொரு வளாகத்துக்குத் தானாகச் சென்று சேர்வதில்லை என்பது தெளிவு.

கண்டறியப்பட்டவை

முதலாவது, ஆபத்தை மதிப்பிடும் முறை எதுவும் இல்லை. புதிய சேர்மம் ஒன்றைத் தயாரிக்கும் முன், என்ன தவறக்கூடும், தவறினால் எவ்வளவு சேதம், அதைத் தாங்க என்ன ஏற்பாடு என்று எழுதிப் பார்க்கும் வழக்கம் துறையில் இருக்கவில்லை. தொழிற்சாலைகளுக்கான ஆபத்து மதிப்பீட்டு முறைகள் ஏராளமாக இருந்தன. ஆனால் அவை ஒரே பொருளை, ஒரே குழாயில், ஆண்டுக்கணக்கில் தயாரிக்கும் இடங்களுக்காக உருவானவை. வாரத்துக்கு வாரம் வினையை மாற்றும் ஆய்வகத்துக்கு ஏற்ற வழிகாட்டி அப்போது நாட்டிலேயே போதிய அளவில் இல்லை என்று வாரியம் குறிப்பிட்டது.

இரண்டாவது, பல்கலைக்கழகத்தின் வேதிச் சுகாதாரத் திட்டம், அதாவது ஆய்வகங்களில் வேதிப்பொருள்களைப் பாதுகாப்பாகக் கையாள்வதற்கான எழுத்து வடிவ நெறிமுறை, தவறான திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு மற்றும் சுகாதார நிர்வாகம் 1990-இல் வெளியிட்ட ஆய்வகத் தரநிலையை ஒட்டியே அத்தகைய திட்டங்கள் எழுதப்படுகின்றன. அந்தத் தரநிலையின் மையக் கவலை உடல்நலக் கேடு: ஆவியைச் சுவாசித்தல், தோலில் படுதல், நெடுநாள் நச்சேற்றம். வெடிப்பு, தீ, அழுத்தம் போன்ற பௌதிக ஆபத்துகளுக்கு அதில் போதிய இடமில்லை. விதியின் ஒவ்வொரு வரியையும் நிறைவேற்றியிருந்தாலும்கூட அந்தக் கல்வம் வெடிப்பது தடைபட்டிருக்காது.

அந்தத் தரநிலை யாருக்குப் பொருந்தும் என்பதிலும் ஓட்டை இருந்தது. அது பணியாளர்களுக்கானது, மாணவர் என்ற நிலையில் இருப்பவர் அதன் வரம்புக்குள் வருவதில்லை. மேலும், டெக்சஸ் போலத் தனக்கெனத் தொழிற்பாதுகாப்புத் திட்டம் இல்லாத மாநிலங்களில், அரசுப் பல்கலைக்கழக ஊழியர்களையும் கூட்டரசு விதி கட்டுப்படுத்துவதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் இறந்தவர் சம்பளம் பெறும் பணியாளர் என்பதால் மாநிலத் தொழிற்பாதுகாப்பு அமைப்பு அபராதம் விதித்தது. பல்கலைக்கழகத்தின் மீதும் பேராசிரியரின் மீதும் குற்றவழக்கும் வந்தது. லபக்கில் அத்தகைய வழி எதுவும் திறந்திருக்கவில்லை. இரவு பகலாக ஒரே வகை மேசையில் ஒரே வகை ஆபத்தோடு வேலை செய்யும் இருவரில் ஒருவரைச் சட்டம் பார்க்கிறது, மற்றவரைப் பார்ப்பதில்லை. இந்தியச் சூழலிலும் இந்தக் கேள்விக்கு இடமுண்டு: 2018 டிசம்பர் 5 அன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வகத்தில் நிகழ்ந்த வெடிப்பில் ஒருவர் இறந்து மூவர் காயமடைந்தபோது, பாதிக்கப்பட்டவர்கள் கழகத்தின் ஊழியர்களோ மாணவர்களோ அல்லர், வளாகத்துக்குள் இயங்கிய ஒரு சிறு தொடக்க நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள்.

மூன்றாவதாகக் கண்டறியப்பட்டது அதிகாரம் பற்றியது. மற்ற குறைகள் எல்லாம் இதிலிருந்தே கிளைத்தவை என்பது என் கருத்து. பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல், சுகாதாரம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கான பிரிவு இருந்தது, ஆய்வகங்களைச் சோதித்தது, குறைகளை எழுதி முதன்மை ஆய்வாளருக்கு அனுப்பியது. அதோடு அதன் கை ஓய்ந்தது. குறையைச் சரிசெய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தவோ, வேலையை நிறுத்தவோ அதற்கு வலு இல்லை. ஆய்வுப் பணிகளின் மீது அதிகாரம் கொண்ட பொறுப்பாளருக்கு நேரடியாக அறிக்கை தரும் அமைப்பும் இல்லை. பேராசிரியர்களில் சிலர் பாதுகாப்புச் சோதனைகளையே தம் ஆய்வுச் சுதந்திரத்தில் தலையிடுவதாகக் கருதினார்கள். ஒவ்வொரு ஆய்வகமும் ஒரு தனி ராஜ்ஜியமாக இருந்தது. அரசருக்கு மேலே எவரும் இல்லை, அரசரோ ஆய்வகத்துக்குள் அன்றாடம் வருபவர் அல்லர்.

நான்காவது, முன்னெச்சரிக்கைகள் கிடைத்திருந்தன. 2007-க்குப் பிறகு அதே பேராசிரியர்களின் ஆய்வகங்களில் இரண்டு முறை விபத்து மயிரிழையில் தவறியிருந்தது. அவற்றை முறையாக ஆவணப்படுத்தவோ, துறையின் மற்றக் குழுக்களுக்குத் தெரிவிக்கவோ, பல்கலைக்கழக மேலிடத்துக்கு எடுத்துச் செல்லவோ அமைப்பு ஏதும் இல்லை. காயம் இல்லாததால் அவை நிகழ்வாகவே எண்ணப்படவில்லை. பின்னர் சேர்ந்த மாணவர்களுக்கு அவற்றிலிருந்து கற்க வாய்ப்பும் கிடைக்கவில்லை.

ஐந்தாவதாக, நிதி வழங்கிய துறையின் ஒப்பந்தத்தில் வெடிபொருள் ஆய்வுக்கே உரிய பாதுகாப்பு நிபந்தனைகள் இருக்கவில்லை. ஆய்வு அறிக்கை, செலவுக் கணக்கு ஆகியவற்றைக் கேட்ட ஒப்பந்தம், அளவு வரம்பு என்ன, அதை யார் கண்காணிக்கிறார் என்று கேட்கவில்லை.

பரிந்துரைகளும் அவற்றின் காரணங்களும்

வாரியம் தன் பரிந்துரைகளை மூன்று இடங்களுக்கு அனுப்பியது. தொழிற்பாதுகாப்பு நிர்வாகத்துக்கு: ஆய்வகங்களின் பௌதிக ஆபத்துகளையும் கட்டுப்படுத்த வேண்டும் என்பதைக் கல்வி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தும் பாதுகாப்பு அறிவிப்பை வெளியிட வேண்டும். அமெரிக்க வேதியியல் சங்கத்துக்கு: ஆய்வகங்களுக்கென்றே பொருந்தும் ஆபத்து மதிப்பீட்டு வழிகாட்டியை உருவாக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு: வேதிச் சுகாதாரத் திட்டத்தைத் திருத்திப் பௌதிக ஆபத்துகளைச் சேர்க்க வேண்டும், அது எல்லா நிலைகளிலும் பின்பற்றப்படுகிறதா எனச் சரிபார்க்க வேண்டும், விபத்துகளையும் தவறிய விபத்துகளையும் பதிவுசெய்து பகிரும் அமைப்பை ஏற்படுத்த வேண்டும்.

வேதியியல் சங்கத்தை இதில் சேர்த்தது கூர்ந்த முடிவு. சட்டத்தின் வழியே மாற்றம் வரப் பல ஆண்டுகள் ஆகும், வந்தாலும் மாணவரை அது தொடாமல் போகலாம் என்ற நிலையில், பேராசிரியர்கள் மதிக்கும் தொழில்முறை அமைப்பின் வாயிலாக வழக்கத்தை மாற்றுவது எளிது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளரின் படிவத்தை ஒதுக்கிவைக்கும் பேராசிரியர், தம் ஆய்விதழை வெளியிடும் சங்கத்தின் நெறிமுறையை அவ்வளவு எளிதில் ஒதுக்க மாட்டார்.

யாரையும் தண்டிக்கும்படி வாரியம் பரிந்துரைக்கவில்லை. அதற்கு அதிகாரமும் இல்லை. இது சிலருக்கு நிறைவளிக்காமல் இருக்கலாம். ஆயினும் தண்டனை அச்சம் இல்லாததால்தான் மாணவர்களும் பேராசிரியர்களும் நடந்ததைத் திறந்து பேச முடிந்தது என்பதையும், கண்ணாடியைக் கழற்றி வைத்தது போன்ற நுணுக்கமான செய்திகூட நமக்குக் கிடைத்தது அதனால்தான் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

பின்விளைவுகள்

பல்கலைக்கழகம் விசாரணைக்கு ஒத்துழைத்தது. ஆய்வகப் பாதுகாப்பைத் தலைமை நிர்வாகத்தின் பொறுப்பாக ஏற்று, தன் திட்டங்களைத் திருத்தத் தொடங்கியது. நிதி வழங்கிய தரப்பிலும் பாதுகாப்பு நிபந்தனைகள் இடம்பெறலாயின.

நீண்ட கால விளைவு வேதியியல் சங்கத்தின் வழியே வந்தது. வாரியத்தின் பரிந்துரையை ஏற்று அது உருவாக்கிய வழிகாட்டி ஐந்து முறைகளை விளக்குகிறது: வேலையைப் படிகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் ஆபத்தையும் எழுதுதல், 'இப்படி நேர்ந்தால் என்ன' என்று கேட்டுப் பார்த்தல், சரிபார்ப்புப் பட்டியல், ஆபத்தின் தரத்துக்கு ஏற்பக் கட்டுப்பாடுகளை வகுத்தல், செயல்முறைகளைக் கட்டமைப்போடு எழுதுதல். சிறு ஆய்வகம் ஒன்று இவற்றில் தனக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம். 2014-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் கல்வி ஆய்வகங்களின் பாதுகாப்புப் பண்பாடு குறித்துத் தனி அறிக்கை வெளியிட்டது. 2017 முதல், புதிய அல்லது குறிப்பிடத்தக்க ஆபத்துகள் இருந்தால் அவற்றைக் கட்டுரையிலேயே எழுத வேண்டும் என்று வேதியியல் சங்கத்தின் ஆய்விதழ்கள் கோரத் தொடங்கின. ஒரு சேர்மத்தின் தயாரிப்பு முறையைப் படிக்கும் மாணவர் அதன் ஆபத்தையும் அதே பக்கத்தில் படிப்பார் என்பதே இதன் பயன்.

எவை மாறியிருக்க வேண்டும்

அளவு வரம்பு எழுத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது எளிதில் சொல்லக்கூடியது. எழுதி ஒட்டிய தாள் மட்டும் போதுமானதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆய்வகச் சுவர்களில் எவரும் படிக்காத தாள்கள் நிறைய இருக்கின்றன. வரம்போடு காரணமும் எழுதப்பட வேண்டும். நூறு மில்லிகிராம் என்பது சோதனைக்குப் போதுமான அளவு என்று மாணவர் எண்ணினால், சோதனைக்கு அதிகம் தேவைப்படும்போது வரம்பும் உயரலாம் என்று அவர் எண்ணுவது இயல்பு. அது கை தாங்கக்கூடிய அளவு என்று அறிந்தவர் அப்படி எண்ண மாட்டார்.

அடுத்து, அளவை உயர்த்துவது தனியொரு முடிவாகக் கருதப்பட வேண்டும். எழுதப்பட்ட வரம்பைத் தாண்டும் எந்தத் தயாரிப்பும் நெறியாளரின் கையொப்பமின்றித் தொடங்கக்கூடாது என்ற ஒரு விதி அங்கே இருந்திருந்தால், பத்து கிராம் என்ற எண் ஒரு பேராசிரியரின் கண்ணில் பட்டிருக்கும். அவர் அதைப் பார்த்த மறுகணமே வேண்டாம் என்றிருப்பார். ஒரே தொகுதி வேண்டும் என்ற மாணவர்களின் நியாயமான தேவைக்கு வேறு வழியும் யோசித்திருப்பார். இதற்குப் பணம் தேவையில்லை, புதிய கருவி தேவையில்லை. நெறியாளர் ஆய்வுக் குறிப்பேட்டை முடிவுகளுக்காக மட்டுமின்றி அளவுகளுக்காகவும் வாரந்தோறும் பார்ப்பது இதே பயனைத் தரும். முந்நூறு மில்லிகிராம் தொகுதியிலேயே அது வெளிப்பட்டிருக்கும்.

பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை, சோதிக்கப்பட்டவரிடமே சென்று முடியும் அமைப்பை மாற்ற வேண்டும். ஆய்வுப் பொறுப்பில் உள்ள துணைவேந்தர் நிலையிலான ஒருவரிடம் அது செல்ல வேண்டும். குறை சரிசெய்யப்படாத ஆய்வகத்தில் வேலையை நிறுத்தும் அதிகாரம் அலுவலருக்கு இருக்க வேண்டும். பேராசிரியர்கள் இதை எதிர்ப்பார்கள். அந்த எதிர்ப்பை அலுவலர் தனியாகச் சந்திக்கும்படி விடாமல், நிர்வாகம் முன்கூட்டியே தன் நிலையை அறிவிக்க வேண்டும்.

தவறிய விபத்துகளைப் பதிவுசெய்வதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. பதிவு செய்தால் பட்டம் தாமதமாகும், பெயர் கெடும் என்று மாணவர் அஞ்சும்வரை பதிவேடு வெறுமையாகவே இருக்கும். எனவே பதிவு செய்பவரின் பெயர் நெறியாளரைச் சென்றடையாத வழி ஒன்றும், பதிவான ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யப்பட்டது என்ற பதிலும் வேண்டும்.

இவை இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதை 2016 மார்ச் 16 அன்று ஹவாய் பல்கலைக்கழகம் காட்டியது. ஹைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றின் கலவையை ஒரு தொட்டியில் அழுத்தத்தில் நிரப்பி ஆய்வு செய்துகொண்டிருந்த முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் ஒருவர், அது வெடித்ததில் ஒரு கையை இழந்தார். அங்கும் சிறிய கலனில் செய்த வேலை பெரிய தொட்டிக்கு உயர்த்தப்பட்டிருந்தது. அங்கும் முன்னறிகுறிகள் தோன்றியிருந்தன: சிறிய கலனில் உள்ளே ஒரு சிறு வெடிப்பு நேர்ந்திருந்தது, பெரிய தொட்டியைத் தொட்டபோது நிலைமின் அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது. அவை பேசப்பட்டபோதும் வேலை நிறுத்தப்படவில்லை. லபக் அறிக்கை வெளியாகி அப்போது நான்கு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.